அமர்நாத் குகைக்கு முதன்முறை செல்வோருக்கு: மருத்துவச் சான்றிதழ் முதல் பஞ்சதரணி வரை

2024-ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று நானும் என் அம்மாவும் அமர்நாத் குகையின் படிகளில் ஏறி நின்றபோது, பனிலிங்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரம் ஊறிய பாறை மட்டுமே இருந்தது. அந்த ஆண்டு யாத்திரை ஜூன் 29 அன்றுதான் தொடங்கியது. முதல் வாரத்திலேயே லிங்கம் கரைந்துவிட்டது. முதல் வாரத்துக்கே இடம் கேட்டுப் புறப்பட்டவர்கள் நாங்கள். காகிதங்களில் நேர்ந்த சில தவறுகளைத் திருத்துவதற்குள் அந்த நாட்களின் இடங்களெல்லாம் நிரம்பிவிட்டன. அம்மா பாறையை வணங்கிவிட்டு அமைதியாகத் திரும்பினார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த ஏமாற்றம் நேரக்கூடாது என்பதற்காகவே, நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் நாளை முடிவு செய்யுங்கள்

குகை கடல்மட்டத்திலிருந்து 3,888 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி பாதை பனியில் மூடியிருப்பதால், கோடையில் சில வாரங்கள் மட்டுமே யாத்திரை நடக்கும். அந்தக் காலத்தை ஸ்ரீ அமர்நாத்ஜி கோயில் வாரியம் ஒவ்வோர் ஆண்டும் தனியாக அறிவிக்கிறது. நாட்களின் எண்ணிக்கையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2023-இல் 62 நாட்கள், 2024-இல் 52 நாட்கள், 2025-இல் 38 நாட்கள் என்று அறிவித்தார்கள். 2025-இல் மழையால் பாதைகள் சேதமடைந்து, ஆகஸ்ட் 9 வரை நடக்க வேண்டிய யாத்திரை ஆகஸ்ட் 3 அன்றே நிறுத்தப்பட்டது. ஆகவே கடைசி வாரத்தை நம்பி விடுப்பு எடுக்காதீர்கள்.

பனிலிங்கத்தை முழு உருவில் காண வேண்டுமானால் முதல் ஐந்து நாட்களுக்குள் குகையை அடையும்படி திட்டமிடுங்கள். குகைக் கூரையிலிருந்து சொட்டும் நீர் உறைந்து கீழிருந்து மேலாக வளர்வதே அந்த லிங்கம். வெயில் ஏற ஏறக் கரைவது அதன் இயல்பு. ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் சிராவண பௌர்ணமியன்று ஸ்ரீநகரிலிருந்து வரும் சடி முபாரக் எனப்படும் வெள்ளித் தண்டம் குகையை அடைந்து யாத்திரை நிறைவுறும். அந்த வைபவத்தைக் காண விரும்புவோர், லிங்கம் இல்லாமலிருக்கலாம் என்பதை வீட்டிலேயே மனத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

2. மருத்துவச் சான்றிதழ்: முதல் தடுக்கல்

13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், 70 வயதைக் கடந்தவர்களுக்கும், ஆறு வாரத்துக்கு மேற்பட்ட கருவைச் சுமப்பவர்களுக்கும் அனுமதி கிடையாது. மற்ற அனைவருக்கும் கட்டாய உடல்நலச் சான்றிதழ் வேண்டும். இதில் மூன்று நிபந்தனைகளை ஒருசேரக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, சான்றிதழை எந்த மருத்துவரும் கொடுத்துவிட முடியாது. மாநிலவாரியாக அங்கீகரிக்கப்பட்ட மருத்துவர்கள், மருத்துவமனைகளின் பட்டியலை வாரியம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. நாங்கள் அதைப் பார்க்காமல், இருபது ஆண்டுகளாக அம்மாவைக் கவனித்துவரும் மருத்துவரிடமே கையொப்பம் வாங்கிச் சென்றோம். யாத்திரைப் பதிவு செய்யும் வங்கியில் பட்டியலைத் திறந்து பார்த்து, அவர் பெயர் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது, சான்றிதழின் தேதி. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாளைக் குறிப்பிட்டு, அதற்குப் பின் பெற்ற சான்றிதழே செல்லும் என்பார்கள். 2024-இல் அது ஏப்ரல் 8. ஏப்ரல் 15 அன்று பதிவு தொடங்கியது. இடையே கிடைத்தது ஒரே வாரம். அந்த வாரத்துக்குள் சான்றிதழை வாங்கி, பதிவு தொடங்கும் நாளின் காலையில் வங்கி வாசலில் நிற்பவருக்குத்தான் முதல் வாரத்து இடம் கிடைக்கும். முன்னெச்சரிக்கையாக மார்ச்சிலேயே வாங்கி வைத்தால் அந்தச் சான்றிதழ் பயன்படாது.

மூன்றாவது, படிவம். வாரியம் தரும் படிவத்தையே அச்சிட்டுக்கொண்டு போக வேண்டும். மருத்துவமனையின் தலைப்புத் தாளில் எழுதித் தந்தால் ஏற்க மாட்டார்கள். மருத்துவரின் கையொப்பம், முத்திரை, பதிவு எண், தேதி ஆகிய நான்கும் தெளிவாக இருக்கின்றனவா என்று அந்த அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பாருங்கள். முத்திரை மங்கலாக விழுந்திருந்தது என்பதற்காக நான் ஒருமுறை கூடுதலாக அலைந்தேன்.

பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் செல்லுங்கள். இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய மின்வரைபடம், மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றைப் பெரும்பாலும் கேட்பார்கள். அரசு மருத்துவமனையில் பணம் அதிகம் ஆகாது, ஆனால் முடிவுகள் வந்து மருத்துவர் கையொப்பமிட இரண்டு, மூன்று நாட்கள் ஆகலாம். இருக்கும் நோயை மறைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டாம். மேலே காற்றில் உயிர்வளி குறைவு. மூச்சுத் திணறல் வந்தால் குதிரையில் ஏற்றி இறக்கவே அரைநாள் ஆகிவிடும்.

3. பெயரும் கைரேகையும்

வடஇந்தியர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு, அது முன்னெழுத்து. ஆதாரில் பெயருக்குப் பின்னால் முன்னெழுத்து, மருத்துவச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் முன்னெழுத்து, ரயில் சீட்டில் தந்தை பெயரை விரித்து எழுதியது என்று மூன்று விதமாக இருந்தால், இவர்கள் மூவரும் ஒருவரே என்று ஜம்முவில் காகிதங்களைச் சரிபார்க்கும் ஊழியருக்கு விளங்க வைப்பது கடினம். ஆதாரில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, புள்ளி, இடைவெளி உட்பட அப்படியே எல்லாத் தாள்களிலும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் இரண்டாவது சான்றிதழ் இதனால்தான் திரும்பி வந்தது.

ஆதாரில் உள்ள கைப்பேசி எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், கடவு எண் அதற்குத்தான் வரும். வயதானவர்களை அழைத்துச் செல்வோர் கைரேகையையும் ஊரிலேயே ஒருமுறை சோதித்துவிட வேண்டும். என் அம்மா நாற்பது ஆண்டுகள் தறி நெய்தவர். விரல் ரேகைகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. ஜம்முவில் கருவி அவர் கட்டைவிரலை ஏற்கவில்லை, ஆள்காட்டி விரலையும் ஏற்கவில்லை. பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். அங்கிருந்த பெண் ஊழியர் அம்மாவின் கையைப் பிடித்து, விரலைத் தலைமுடியில் நான்கைந்து முறை தேய்த்து, அந்த எண்ணெய்ப் பசையோடு மீண்டும் கருவியில் வைத்தார். இடது கை நடுவிரலில் பச்சை விளக்கு எரிந்தது. ஆதார் சேவை மையத்துக்குச் சென்று ரேகையை முன்பே புதுப்பித்திருந்தால் அந்த ஒரு மணி நேரத் தவிப்பு இருந்திருக்காது.

4. பதிவு செய்தல்

இணையவழியிலும் பதியலாம், குறிப்பிட்ட வங்கிக் கிளைகளிலும் பதியலாம். பஞ்சாப் நேஷனல் வங்கி, ஜம்மு காஷ்மீர் வங்கி, பாரத ஸ்டேட் வங்கி, யெஸ் வங்கி ஆகியவற்றில் நாடு முழுவதும் 500-க்கும் மேற்பட்ட கிளைகள் இப்பணிக்கு ஒதுக்கப்படுகின்றன. எல்லாக் கிளைகளும் அல்ல. உங்கள் ஊர்க் கிளை பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். ஒவ்வொரு கிளைக்கும் நாள்வாரியாக, பாதைவாரியாக ஒதுக்கீடு உண்டு. பெரிய நகரக் கிளையில் நிரம்பிவிட்ட நாள் பக்கத்து மாவட்டக் கிளையில் காலியாக இருக்கலாம் என்பதை நான் பிந்தித்தான் அறிந்தேன்.

கையில் இருக்க வேண்டியவை: மருத்துவச் சான்றிதழின் மூலமும் இரண்டு நகல்களும், ஆதார் அட்டையும் நகலும், வெளிர் பின்னணியில் எடுத்த புகைப்படங்கள் ஆறு, இரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க ஊரில் உள்ள ஒருவரின் எண். கட்டணம் பெரிதன்று; 2024-இல் வங்கிக் கிளையில் ஒருவருக்கு 150 ரூபாய், இணையவழியில் சற்றுக் கூடுதல். இதைவிடப் பல மடங்கு கேட்டு அனுமதிச் சீட்டை வீட்டுக்கே அனுப்புவதாகச் சொல்லும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். 2023-இல் போலிப் பதிவுச் சீட்டுகளோடு வந்த பலர் கத்துவா, சம்பா பகுதிகளிலேயே தடுத்து நிறுத்தப்பட்டனர்.

சீட்டில் உள்ள தேதியைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். அது நீங்கள் ஜம்முவில் இறங்கும் நாள் அல்ல. மலைநடை தொடங்கும் சந்தன்வாரி அல்லது டோமேல் நுழைவாயிலைக் கடக்கும் நாள். ஆகவே அந்தத் தேதிக்குக் குறைந்தது இரண்டு நாட்கள் முன்னதாக ஜம்முவில் இருக்க வேண்டும். வேறு நாளிலோ வேறு பாதையிலோ அந்தச் சீட்டு செல்லாது.

முன்பதிவு கிடைக்காதவர்களுக்கு ஜம்முவிலேயே உடனடிப் பதிவு உண்டு. ரயில் நிலையத்தை ஒட்டிய சரஸ்வதி தாமில் முதலில் டோக்கன் வாங்க வேண்டும். கூட்டத்தைப் பொறுத்து ஒரு நாள், இரண்டு நாள் காத்திருக்க நேரும். முதியோரோடு செல்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

5. எந்தப் பாதை?

பாதைகள் இரண்டு. பால்தலிலிருந்து 14 கிலோமீட்டர்: டோமேலுக்கு 2, அங்கிருந்து பராரிக்கு 5, பின் சங்கமத்துக்கு 4, குகைக்கு 3. உடல் வலுவுள்ளவர்கள் விடியலில் கிளம்பி ஒரே நாளில் தரிசித்துத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் ஏற்றம் செங்குத்து. பஹல்காம் வழி நீளமானது. பஹல்காமிலிருந்து சந்தன்வாரி வரை 16 கிலோமீட்டரை வாகனத்தில் கடந்தபின், ஏறக்குறைய 32 கிலோமீட்டர் மலைநடை. ஷேஷ்நாகில் ஓரிரவு, பஞ்சதரணியில் ஓரிரவு தங்கியே செல்ல வேண்டும்.

விடுப்பு குறைவென்றால் பால்தல். ஆனால் இந்தக் குகையின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களை அழைத்துச் செல்வதானால், நான் தயங்காமல் பஹல்காமைத்தான் சொல்வேன். ஏனென்றால் கதை முழுவதும் அந்த வழியிலேயே நடக்கிறது. உங்கள் கழுத்தில் ஏன் மண்டையோட்டு மாலை என்று பார்வதி கேட்கிறாள்; நீ பிறந்திறந்த ஒவ்வொரு முறைக்கும் ஒன்று சேர்த்தேன் என்கிறார் சிவன். நீங்கள் மட்டும் இறவாதிருக்கும் மருமம் என்ன என்று அவள் விடாமல் கேட்க, எந்த உயிரின் காதிலும் விழாத இடத்தைத் தேடி இருவரும் கிளம்புகிறார்கள். எருதை அவர் விட்டுச்சென்ற இடம் பைல்காவ்ன், அதாவது எருதூர். அதுவே பஹல்காம் ஆயிற்றாம். சடையிலிருந்த சந்திரனை விட்ட இடம் சந்தன்வாரி. பாம்புகளை விட்ட ஏரி ஷேஷ்நாக். பிள்ளை கணேசனை நிறுத்திய மலை மகாகணேசம், இப்போது மகாகுணாஸ். ஐம்பூதங்களையும் துறந்த இடம் பஞ்சதரணி. அதன் பிறகே குகை.

நாளொன்றுக்கு எவ்வளவு நடக்கலாம் என்பதற்கு இந்தக் கதையே நல்ல கணக்கு. முதல் நாள் சந்திரனிலிருந்து பாம்பு வரை. சந்தன்வாரியைத் தாண்டியதும் வரும் பிஸ்ஸு டாப் 3 கிலோமீட்டர்தான், ஆனால் மொத்தப் பாதையிலும் மூச்சை வாங்கும் ஏற்றம் அது. சிவனைக் காண முந்திய தேவர்களுக்கும் அசுரர்களுக்கும் அங்கே சண்டை மூண்டு, மாண்ட அசுரர்களின் உடல்கள் குவிந்து மலையானதாகக் குதிரைக்காரர்கள் சொல்கிறார்கள். பெரியவர்களுக்குக் குதிரை பிடிப்பதானால் இந்த இடத்துக்கு முன்பே பிடியுங்கள். பாதியில் கேட்டால் விலை ஏறிவிடும். இரண்டாம் நாள் மகாகுணாஸ் கணவாய், 14,000 அடிக்கு மேல். அங்கே நின்று படம் எடுக்காமல் மெதுவாக, நிற்காமல் கடந்துவிடுங்கள். தலைவலி தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். மூன்றாம் நாள் பஞ்சதரணியிலிருந்து குகைக்கு 6 கிலோமீட்டர்.

போகும்போது பஹல்காம், இறங்கும்போது பால்தல் என்று நாங்கள் சென்றோம். ஹெலிகாப்டரை மட்டும் நம்பித் திட்டமிட வேண்டாம். 2025-இல் இரு பாதைகளிலும் வான்பறப்புத் தடை விதிக்கப்பட்டு அச்சேவை அறவே இல்லை.

6. ஜம்முவில் செய்ய வேண்டியவை

சென்னையிலிருந்து அந்தமான் விரைவு ரயிலும், கன்னியாகுமரியிலிருந்து கோவை, சேலம் வழியாக வாரம் ஒருமுறை ஹிம்சாகர் விரைவு ரயிலும் ஜம்மு வழியே கட்ரா வரை செல்கின்றன. பயணம் இரண்டு நாட்களுக்கு மேல் பிடிக்கும். வண்டி தாமதமாவதும் வழக்கம்.

இறங்கியதும் முதல் வேலை ஆர்எஃப்ஐடி அட்டை, அதாவது நீங்கள் இருக்கும் இடத்தை வானலை மூலம் காட்டும் அட்டை. அனுமதிச் சீட்டும் ஆதாரும் காட்டி, கைரேகை வைத்து இதைப் பெற்றுக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். இந்த அட்டை இல்லாமல் நுழைவாயிலைக் கடக்க முடியாது. 2022 ஜூலை 8 அன்று குகையருகே திடீர் வெள்ளம் வந்து பலர் மாண்டார்கள்; அத்தகைய வேளையில் யார் எங்கே இருக்கிறார் என்று கண்டறிய இதையே நம்பியிருக்கிறார்கள். குளிக்கும்போதும் கழற்றி வைக்காதீர்கள்.

இரண்டாவது, கைப்பேசி. நம் ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீருக்குள் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு எண் ஒன்றாவது குடும்பத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் யாத்ரீகர்களுக்கென்று தரும் தற்காலிக சிம்மை முகாமிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஜம்மு காஷ்மீர் எல்லையான லக்கன்பூரைத் தாண்டியதும் என் கைப்பேசி செயலற்றுப் போய், ஊரில் இருந்த தங்கை ஒரு நாள் முழுவதும் பதறிப் போனாள்.

பகவதி நகர் முகாமிலிருந்து விடியுமுன்னே பாதுகாப்புப் படையினர் புடைசூழ வாகன அணி கிளம்பும். அணியைத் தவறவிட்டால் மறுநாள்தான். தனி வாடகை வண்டி பேசி முன்பாகவே போய்விடலாம் என்று ஓட்டுநர்கள் ஆசை காட்டுவார்கள்; வழியில் நிறுத்திவிட்டால் சீட்டிலுள்ள தேதி கடந்துவிடும். நுழைவாயில்கள் அதிகாலையில் திறந்து முற்பகலிலேயே மூடப்படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

7. செலவு

சேலத்திலிருந்து கிளம்பிச் சேலம் திரும்பும் வரை எங்கள் இருவருக்கும் 46,000 ரூபாய் ஆயிற்று. அதில் கால் பங்கு அம்மாவின் குதிரைக்கே போனது. அடுத்த பெரிய செலவு மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் ரயில் கட்டணம். பின்னர் ஜம்முவிலிருந்து போகவர வண்டி, கூடாரங்களில் படுக்கை. உணவுக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் வழிநெடுக லங்கர் எனப்படும் அன்னதானப் பந்தல்கள் இருக்கின்றன. எண்ணெயில் பொரித்தவற்றையும் குளிர்பானங்களையும் வாரியம் தடை செய்திருப்பதால் சாதம், பருப்பு, கிச்சடி கிடைக்கும்; சில பந்தல்களில் இட்லி சாம்பாரும் கண்டோம்.

குதிரை, பல்லக்கு, சுமைதூக்கி ஆகிய மூன்றுக்கும் அரசு நிர்ணயித்த கட்டணப் பலகை முகாம்களில் இருக்கிறது. முன்கட்டணச் சாளரத்தில் பணம் கட்டி ரசீது வாங்குங்கள். பல்லக்குக்கு நான்கு பேர் சுமப்பதால் குதிரையைப் போலப் பல மடங்கு ஆகும். பதிவு அட்டை உள்ளவரையே அமர்த்துங்கள். அந்த அட்டையை வாங்கி உங்களிடம் வைத்துக்கொண்டு, பயணம் முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள். எங்கள் குதிரைக்காரர், நான் கேட்காமலே அட்டையை என் கையில் கொடுத்தார். நடுக்கும் மழையில் தன் கம்பளியை அம்மாவுக்குப் போர்த்தியவரும் அவர்தான். மலைக்கு மேலே சில்லறையாக ரொக்கம் வைத்திருங்கள்.

8. உடம்பும் உடையும்

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து நாள்தோறும் 4, 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும். புடவை இந்த ஏற்றத்துக்கு ஏற்றதன்று என்று வாரியமே சொல்கிறது. அம்மா வாழ்வில் முதன்முறையாகச் சுடிதார் அணிந்தார். கம்பளி உடை, குரங்குக் குல்லாய், மழைச்சட்டை, பிடிப்புள்ள காலணி, கைத்தடி, கைவிளக்கு ஆகியவை போதும். துணிகளைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைக்காவிட்டால் நனைந்துவிடும். வெறுங்காலோடு நடப்பேன் என்று வேண்டிக்கொள்ளாதீர்கள். 1996-இல் எதிர்பாராத பனிப்பொழிவில் 240-க்கும் மேற்பட்டோர் இந்த வழியில் உயிரிழந்தார்கள். வயது வரம்பு, மருத்துவச் சான்றிதழ், நாள் ஒதுக்கீடு போன்ற கட்டுப்பாடுகள் அதன் பிறகே இறுகின.

பெயர், முகவரி, ஊர் எண் எழுதிய தாள் ஒன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கட்டும். தமிழில் மட்டும் எழுதினால் அங்கே யாருக்கும் உதவாது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதுங்கள்.

9. குகையில்

படிக்கட்டுக்குக் கீழேயே கைப்பேசியையும் பையையும் வைத்துவிட்டு ஏற வேண்டும். கம்பித் தடுப்புக்கு அப்பால் செல்லவோ பனியைத் தொடவோ முடியாது. லிங்கத்தின் முன் நிற்கக் கிடைப்பது சில நொடிகள்; உரக்கக் கோஷமிடக் கூடாது. தேங்காய், பூ என்று சுமந்து செல்ல வேண்டியதில்லை.

அந்தச் சில நொடிகளில் மேலேயும் பாருங்கள். சிவன் கதை சொல்லுமுன் சுற்றிலும் உள்ள உயிர்களை எரிக்கக் காலாக்கினியை ஏவினார் என்றும், அவர் அமர்ந்த மான்தோலுக்கடியில் கிடந்த புறா முட்டை மட்டும் தப்பியது என்றும், அதிலிருந்து பிறந்த இணை கதையைக் கேட்டு இறவா வரம் பெற்றது என்றும் சொல்வார்கள். எங்கள் வரிசையில் ஒரு மூதாட்டி திடீரென்று கூரையைக் காட்டினார். பாறை இடுக்கில் சாம்பல் நிறத்தில் இரண்டு, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அமர்ந்திருந்தன. அவ்வளவு குளிரில், அவ்வளவு உயரத்தில். லிங்கத்தைக் காணாத அம்மா இன்றும் அந்தப் புறாக்களைப் பற்றித்தான் பேசுகிறார்.

இந்தக் குகையை மீண்டும் கண்டதாகச் சொல்லப்படும் ஆட்டிடையர் பூட்டா மாலிக்கின் கதையையும் வழியில் கேட்பீர்கள். ஒரு சாது அவருக்குப் பை நிறையக் கரி கொடுத்தாராம். வீட்டில் திறந்தால் பொன். நன்றி சொல்ல ஓடி வந்தவர், சாதுவைக் காணாமல் குகையைக் கண்டார். 2000-இல் தனிச் சட்டம் வரும் வரை, பட்கோட் கிராமத்து மாலிக் குடும்பத்தாருக்குக் காணிக்கையில் பங்கு இருந்தது.

10. திரும்பும்போது

மதியத்துக்குள் குகையை விட்டு இறங்கத் தொடங்குங்கள். பிற்பகலில் மழை வரும், பால்தல் பாதை சேறாகிவிடும், குதிரைகள் வழுக்கும். மலைப்பக்கமாக நடங்கள், பள்ளத்தாக்குப் பக்கம் குதிரைகளுக்கு விடுங்கள். பால்தலிலிருந்து ஸ்ரீநகர் ஏறக்குறைய 95 கிலோமீட்டர். 2025 ஜூன் முதல் ஸ்ரீநகருக்கும் கட்ராவுக்கும் இடையே வந்தே பாரத் ரயில் ஓடுவதால், ஜம்மு வரை சாலையிலேயே வர வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. சாலையில் வருவதானால் ராம்பன் பகுதியில் நிலச்சரிவு ஏற்பட்டு நாள்கணக்கில் வழி அடைபடுவது உண்டு. ஆகவே தரிசன நாளுக்கும் ஊர் திரும்பும் ரயிலுக்கும் இடையே மூன்று நாட்களாவது விட்டுச் சீட்டு எடுங்கள். ஒன்றும் நேராவிட்டால் அந்த நாட்களில் ஸ்ரீநகரில் ஓய்வெடுக்கலாம், முழங்கால்களுக்கும் அது தேவைப்படும்.